200 எழுத்தில் அடங்காத விளக்கம்: மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் மேலாண்மைக் குழுவினருக்கும், மனிதவளத் துறையினருக்கும், வேறு நிறுவனங்களில் இதே நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: "கூட்டுழைப்பு. உங்களுக்கு நீங்களே 1 முதல் 5 வரை மதிப்பெண் இடவும்." காலியாக விட்டுப் பார்த்தேன், படிவம் நகர மறுத்தது. 3 போட்டேன். உடனே ஒரு பெட்டி திறந்து "விளக்கம் தருக, 200 எழுத்துக்குள்" என்றது. எழுதினேன், பெட்டி சிவந்தது. சுருக்கினேன், மறுபடியும் சிவந்தது. கடைசியில் "விளக்கம் தனியே அனுப்பப்படும்" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. "அனுப்பப்படும்" என்று எழுதியிருக்கிறேன். யார் அனுப்புவார்? எப்போது? இத்தனை வருடம் உங்கள் சுற்றறிக்கைகளைப் படித்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி, நான்தான் அனுப்புகிறேன். இதுதான் அந்த விளக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சொற்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எந்தத் தொழிலிலும் உள்ளே இருப்பவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. தச்சருக்கு உண்டு, மருத்துவருக்கு உண்டு, கணினி வேலை பார்க்கும் எங்களுக்கும் உண்டு. "ரோல்பேக் பண்ணிட்டேன்", அதாவது புது மாற்றத்தை விலக்கிப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டேன், என்று ஒருவர் சொன்னால் என்ன நடந்தது என்று கேட்டவர் அத்தனை பேருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். நம்பிக்கை வராதவர் சர்வரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். "எல்லாரும் இதுல அலைன் ஆகணும்" என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? ஆனோமா, ஆகவில்லையா? ஆகியிருந்தால் என்றைக்கு ஆனோம்? பொய் என்று யாராலும் காட்ட முடியாத வாக்கியம் அது. சொல்வதற்கு அவ்வளவு சுகமாக இருப்பதும் அதனால்தான்.

ஒரு சொல் தளர்வாக இருந்தால் என்ன ஆகும் என்பதை விமானத் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபேயில் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் ஒரு முனையில் புறப்படத் தயாராக நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம் அதே பாதையில் எதிர்ப்பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் துணை விமானி வானொலியில் சொன்னதை "புறப்படும் இடத்தில் நிற்கிறோம்" என்றும் புரிந்துகொள்ளலாம், "புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றும் புரிந்துகொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் முதல் பொருளில் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றார். அதையடுத்து அவர் சொன்ன "காத்திருங்கள்" என்பது, அதே நேரத்தில் பான் ஆம் விமானியும் பேசியதால் இரைச்சலில் அமுங்கிப்போனது. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. விமானம் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது கேஎல்எம் விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வருகிறது. பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்கிறார். விலகிவிட்டது என்று தலைமை விமானியிடமிருந்து அழுத்தமாகப் பதில் வருகிறது. தலைமை விமானி அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிற மூத்தவர். பொறியாளர் அதற்குமேல் கேட்கவில்லை.

விபத்துக்குப் பிறகு, அந்தக் குழப்பத்துக்குள் இருந்த "டேக் ஆஃப்" என்ற சொல்லுக்கே வேலி போட்டார்கள். புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வாயில் வரலாம். மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". 1979இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கில் ஆரம்பித்து, விமானி அறைக்குள் எப்படிப் பேசுவது, இளையவர் சந்தேகத்தை எப்படிச் சொல்வது, மூத்தவர் அதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்பதெல்லாம் விமானிகளின் பயிற்சிக்குள் வந்தன. ஆக, அவர்கள் கைவைத்த இடங்கள் இரண்டு: சொல்லை இறுக்கினார்கள், கேட்பவரின் வாயைத் திறந்துவிட்டார்கள். நம் அலுவலகத்தில் இரண்டும் தலைகீழாக நடக்கின்றன.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். உங்களில் மூன்று பேர் அதில் இருந்தீர்கள். ஒரு வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய வேலை பிந்திக்கொண்டிருந்தது. 14 பேர், ஒரு மணி நேரம். "சிங்க் அப்" வந்தது, "டீப் டைவ்" வந்தது, "இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்" நான்கு முறை வந்தது. நான்காவது முறை வந்தபோது, அப்படியானால் ஆன்லைனில் எதைத்தான் பேச வந்தோம் என்று பக்கத்தில் இருந்தவர் காகிதத்தில் கிறுக்கிக் காட்டினார். மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது, தமிழில் போட்டால் இப்படி வரும்: சார்புகள் கண்டறியப்படும். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவிக்கப்படும். பழைய தரவு சரிபார்க்கப்படும். அபாயங்கள் கண்காணிக்கப்படும். இப்படி மொத்தம் ஏழு.

தமிழில் ஒரு வினைமுற்றைச் சொன்னால் ஆளும் கூடவே வந்து நின்றுவிடுவார். "செய்கிறேன்" என்றால் அதற்குள் நான் இருக்கிறேன். "செய்வாள்", "செய்வீர்கள்", "செய்தோம்" என்று எதை எடுத்தாலும், எழுவாயைக் கழற்றிவிட்டால்கூட விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆளை ஒளித்துவைக்க வேண்டுமென்றால் "படு" என்று ஒன்றைத் தனியாகக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நடவடிக்கை எடுக்கப்படும், ஆவன செய்யப்படும், பரிசீலிக்கப்படும். அந்தக் குறிப்பில் ஏழு "படும்" இருந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட யார் கையிலும் படவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். அந்த 14 பேரில் வயதிலும் சம்பளத்திலும் கடைசியில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு "நீங்க ஏன் ஓனர்ஷிப் எடுக்கல?" என்று கேட்டீர்கள். ஏழு வாக்கியத்திலும் ஆளே இல்லாமல் எழுதிவிட்டு, ஆள் வரவில்லையே என்று அவர்களைக் கேட்டீர்கள். அது முடிந்ததும் "கவலைப்படாதீங்க, இன்னும் ரெண்டு ரிசோர்ஸ் போடுறேன்" என்று ஒரு ஆறுதல் வேறு. ரிசோர்ஸ் என்பது மனிதர்கள். சாப்பாட்டு இடைவேளை எடுப்பார்கள், பழைய வேலையை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வருவார்கள், வந்த முதல் வாரம் முழுக்க எங்களிடம் கேள்வி கேட்பார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 மென்பொருள் வேலையைத் தலைமை தாங்கி நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே இதை எழுதிவிட்டார்: பிந்திப்போன மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 5 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைகள் 10. 14 பேர் என்றால் 91. அந்த ஒரு மணி நேரக் கூட்டத்தை நீங்கள் எப்படி நடத்தியிருந்தாலும் 91 இணைகளும் பேசி முடித்திருக்க முடியாதுதான். அதனால்தான் யார் எதைச் செய்வது என்பதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்போம். நகரும்தான், ஆனால் கூடியவர் எல்லாருமே இழுக்கிறார்களா என்று ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைத் தனியாகவும் சேர்த்தும் கயிறு இழுக்கவைத்தார். 1913இல் வெளியிட்ட அவருடைய கணக்குப்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவர் பங்குக்கு வந்த விசை, தனியே இழுத்ததில் பாதியளவுதான். கொஞ்சம் இழுவை ஒருங்கிணையாமல் வீணாகிறது, மிச்சம் கை தளர்வதால் போகிறது. ரொம்ப காலம் கழித்து 1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஆளுக்கு வருகிற சத்தம் குறைந்தது. அதே மூவர் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியம். உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம் என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு ஒரு கண்காணிப்பு மென்பொருள் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. மௌஸ் அசைகிறதா என்று பார்ப்பதைப் பற்றி நான் பேசவில்லை. "இது உன் பங்கு, இதை நீ செய்வாய் என்று எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்வதே ஒரு மரியாதை. அது தெரிந்தால் மனிதன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடிக்கிறான். "டீமா சேர்ந்து பண்ணுங்க" என்றால் அந்தக் கயிற்றில் அவனுக்கென்று ஒரு பிடி இல்லை. (ஆங்கிலத்தில் "டீம்" என்ற சொல் முன்காலத்தில் சேர்த்துப் பூட்டிய இழுவை மாடுகளைக் குறித்தது. சில திங்கட்கிழமைகளில் அந்தப் பழைய பொருளே சரியாகத்தான் இருக்கிறது.)

அடுத்து "நாம்".

உங்கள் ஆங்கில மின்னஞ்சல்களில் வரும் "வீ" என்பதைத் தமிழாக்கும்போதுதான் எனக்கு எப்போதும் சிக்கல் வரும். தமிழில் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் "நாம்", விட்டுவிட்டால் "நாங்கள்". எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. உங்கள் கடைசி மூன்று கடிதங்களை எடுத்து ஒரு நாள் மாலை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். "இந்தக் காலாண்டில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது" என்பதில் உள்ளது "நாம்" என்று படிக்கச் சொல்கிறீர்கள், உழைக்கப்போவது நாங்கள். "வேலை நேரத்தை மாற்ற முடிவெடுத்திருக்கிறோம்" என்பதையும் "நாம்" என்றே படிக்கச் சொல்கிறீர்கள். முடிவெடுத்தது நீங்கள், எங்களுக்குத் தெரிந்ததே அந்தக் கடிதத்தில்தான். "இலக்கைத் தாண்டிவிட்டோம்" என்ற இடத்தில் மட்டும் உண்மையிலேயே எல்லாரும் இருந்தோம், ஆனால் அதற்குக் கீழே உள்ள பாராட்டுப் பட்டியலில் ஐந்து பெயர்கள், ஐந்தும் உங்கள் மாடியில் இருப்பவர்கள்.

முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்றால் "நாங்கள் எடுத்தோம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முடிவெடுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். யாரிடம் போய் மறுப்புச் சொல்வது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். "நாம்" என்று சொல்லிவிட்டால் மறுப்பை எங்களிடமே நாங்கள் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வகையில் மோசமானது, ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போது வரும் பேச்சு. "ரைட்சைஸ்" செய்கிறோம், சிலர் "டிரான்சிஷன்" ஆகிறார்கள். பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அட்டைப்பெட்டியோடு போனார். அவர் டிரான்சிஷன் ஆகவில்லை. வேலை போனது. அந்த ஒரு வார்த்தையை அவரிடம் நேராகச் சொல்ல யாரும் முன்வரவில்லை என்பதுதான் அவருக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது. வேலை போனதைக்கூட அவர் கடந்துவிட்டார்.

சரி, குறை போதும். உண்மையான கூட்டுழைப்பு என்று நான் எதை நினைக்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு ஹேண்ட்ஓவர் குறிப்பு, அதாவது ஷிஃப்ட் முடித்துப் போகிறவர் அடுத்து வருபவருக்கு எழுதிவைப்பது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இரவு பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாறும் வேலை. அதுவரை எங்கள் பிரிவில் செய்ததிலேயே பெரிய மைக்ரேஷன். மாலை ஷிஃப்டில் இருந்தவர் இரவு 10 மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டும், நான் அங்கிருந்து தொடர வேண்டும். அவரோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. வேறு பிரிவிலிருந்து வந்திருந்தார், கூட்டங்களில் பேசமாட்டார். நான் உள்ளே வந்தபோது அவர் கிளம்பியிருந்தார். திரையில் ஒரு குறிப்பு இருந்தது. (அதில் வரும் ஸ்கிரிப்ட் என்பது தரவை மாற்றும் கட்டளைத் தொகுப்பு, டேபிள் என்பது தரவு இருக்கும் அட்டவணை.) அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"ஸ்கிரிப்ட் 1 முதல் 6 வரை ஓட்டிவிட்டேன், எண்ணிக்கை சரியாக வந்தது. 7ஐ ஆரம்பிக்கவில்லை. கட்டண டேபிள் இரண்டையும் நான் சரிபார்க்கவில்லை, நேரம் போதவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 4ஆவது ஸ்கிரிப்ட் முதல் தடவை நின்றுபோனது, மறுபடி ஓட்டினேன், ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. பேக்கப் 9.40க்கு எடுத்தது. போன் பக்கத்திலேயே இருக்கும்."

அவ்வளவுதான். படிக்க அரை நிமிடம். கட்டண டேபிள்களை முதலில் திறந்தேன். ஒன்றில் கடைசி மூன்று மாதத்துப் பதிவுகள் இரட்டையாக ஏறியிருந்தன. 4ஆவது ஸ்கிரிப்ட் பாதியில் நின்று மறுபடி ஓடியதால் வந்த வினை. அவருக்குப் புரியவில்லை என்று சொன்ன வாக்கியமும், பார்க்கவில்லை என்று சொன்ன வாக்கியமும் சேர்ந்துதான் எனக்கு வழி காட்டின. அவற்றை எழுதாமல் "மைக்ரேஷன் ஆன் டிராக், மைனர் இஷ்யூஸ் அட்ரஸ்டு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் முக்கால்வாசிக் குறிப்புகள் வருகின்றன. வந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் எத்தனை வாடிக்கையாளருக்கு இரண்டு முறை கட்டணம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரவு 1 மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். "கட்டண டேபிளா?" என்றார். தூங்கவில்லை போல. இருவரும் சேர்ந்து 3.20க்கு முடித்தோம். அவர் சொல்ல நான் தட்டினேன், நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் இருவர் வாயிலும் "சினர்ஜி" வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த வருட மதிப்பீட்டில் அவருக்கு வந்த குறிப்பை அவரே காட்டினார்: "தகவல்களை இன்னும் நேர்மறையாகப் பகிர வேண்டும்." கூட்டுழைப்புக்கு 2. எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிறந்த டீம் ப்ளேயர் விருது அந்த வருடம் யாருக்குப் போனது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். நல்ல மனிதர்தான், கூட்டங்களில் நன்றாகப் பேசுவார்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளைப் பற்றிப் பார்க்கப் போனார். நன்றாகச் செயல்படுகிற குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு மாறி வந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. பிழை அங்கே அதிகம் நடக்கவில்லை, அங்கேதான் வாயைத் திறந்து சொன்னார்கள் என்று பிறகு புரிந்தது. அதிலிருந்துதான் "சைக்கலாஜிக்கல் சேஃப்டி", அதாவது பயமில்லாமல் வாயைத் திறக்க முடிகிற நிலை, பற்றி அவர் எழுதினார். நல்ல கருத்து. நீங்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. போன மாதப் பயிற்சியில் 42 ஸ்லைடில் அது வந்தது. பயிற்சி முடிந்து "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றபோது ஒருவரும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை வைத்தே அந்த 42 ஸ்லைடுக்கும் மதிப்பெண் போட்டிருக்கலாம்.

படிவம் என்றால் எனக்கு அலர்ஜி என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பட்டியல் ஒன்று உண்டு, 19 வரிகள். கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் ஒன்று: அறையில் இருக்கும் எல்லாரும் தங்கள் பெயரையும், தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். உலகின் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைக் கொண்டுவந்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியிருந்தது. பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பெயரைச் சொல்லி ஒருமுறை வாயைத் திறந்துவிட்டவருக்கு, பிறகு "டாக்டர், இது இடது பக்கம் இல்லையா?" என்று கேட்பது கொஞ்சம் எளிது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் கொண்டுவந்தபோது, குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஏன் என்று மருத்துவ உலகம் நிறைய விவாதித்திருக்கிறது. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்குப் பட்டது என் அனுபவத்திலிருந்து வருவது: டிக் போடுவது வேறு, பெயர் சொல்வது வேறு. நம் வீடியோ கால் கூட்டங்களில் 20 பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், யார் எந்தப் பிரிவு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. படிவத்தில் மட்டும் எல்லாக் கட்டமும் பச்சை.

இனி என் பங்குக்கு வருகிறேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

எட்டு மாதத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் என்னிடம் வந்தான். ஒரு ரிப்போர்ட் தப்பான கூட்டுத்தொகை காட்டுகிறது, அந்த மாட்யூல் உங்களுக்குத் தெரியும் என்றார்கள், பத்து நிமிடம் வர முடியுமா என்று கேட்டான். "இந்த வாரம் பேண்ட்வித் இல்லைப்பா" என்றேன். கம்பியில் எவ்வளவு சிக்னல் போகும் என்பதற்கான சொல் அது. எப்போது மனிதன் கம்பியானான் என்று தெரியவில்லை. உண்மையில் அந்த வாரம் எனக்கு நேரம் இருந்தது. அந்த மாட்யூலை நான் பார்த்து நான்கு வருடமாகியிருந்தது, நடுவில் முழுக்க மாற்றியிருந்தார்கள். எனக்கு அது இப்போது தெரியாது. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும் தெரியாது, வா, சேர்ந்து பார்க்கலாம்" என்ற எளிய வாக்கியத்துக்குப் பதிலாக அந்தக் கம்பிச் சொல் கைகொடுத்தது. அவன் இரண்டு இரவு தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தான்.

போன வாரம் அவன் இருக்கையைக் கடந்து போகும்போது கேட்டது. அவனைவிடப் புதிதாக வந்த ஒரு பெண் ஏதோ கேட்டாள். திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே அவன், "இந்த வாரம் பேண்ட்வித் இல்லை" என்றான். என் குரலிலேயே கேட்ட மாதிரி இருந்தது.

அதனால் இந்தச் சொற்களெல்லாம் மேலிருந்து மட்டும் கொட்டுகின்றன என்று நான் சொல்லவில்லை. நாங்களும் அவற்றுக்குப் பின்னால் நன்றாகவே ஒளிந்துகொள்கிறோம். "லூப்ல வெச்சிருக்கேன்" என்றால், மின்னஞ்சலில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன், இனிமேல் என்ன ஆனாலும் உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது என்று பொருள். "அது என் ஸ்கோப்ல இல்ல" என்றால் என் மேல் பழி வரக்கூடாது என்று பொருள். ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். "தெரியாது" என்று எழுதியவருக்கு 2 கிடைத்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, பணச் செலவும் இல்லை. கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆள் வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும், தமிழில் மாற்றிப் பார்த்து "படும்" வந்தால் திருப்பி அனுப்ப எங்களுக்கு உரிமை கொடுங்கள். அந்த மாலை ஷிஃப்ட் குறிப்பில் இருந்ததைப் போல, பார்க்காதவை எவை, புரியாதவை எவை என்று எழுத ஹேண்ட்ஓவர் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள். அவற்றை நிரப்பியதற்காக யார் மதிப்பெண்ணும் குறையாது என்று எழுத்தில் தாருங்கள். உங்கள் முடிவுகளில் "நாங்கள்" போடுங்கள். சிறந்த டீம் ப்ளேயர் விருதை நிறுத்தினாலும் நல்லது, நிறுத்தாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஏழாவது கேள்விக்கு ஏன் 3 என்றுதானே கேட்டிருந்தீர்கள். 5இல் குறைந்துபோன இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று அந்தப் பையனுடையது. இன்னொன்று அந்தக் கூட்டத்தில் போனது. 14 பேரில் நானும் உண்டு. ஏழு வேலைகளையும் ஒவ்வொன்றாகப் பேசியபோது "இதை யார் செய்யப்போறது?" என்று கேட்க எனக்கு முழுதாக ஒரு மணி நேரம் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கிறுக்கிக் காட்டிய காகிதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டம் வருகிற வியாழன் காலை. அந்தக் கேள்வியோடு வருகிறேன். இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், யார் எழுதுகிறீர்கள் என்று தெரியும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏழாவது கேள்விக்கு 3 போட்ட ஊழியர்